திருச்சபையின் கோட்பாட்டை வாக்கெடுப்பால் மாற்றலாமா?

வெள்ளவத்தையிலிருந்து எழுதியவரின் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். அவருடைய சபையில் இளையோர் சிலர், விசுவாச அறிக்கையில் காலத்துக்கு ஒவ்வாதவை என்று தாங்கள் கருதும் பகுதிகளை வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் அங்கத்தவர் எல்லோரும் வாக்களித்து மாற்ற வேண்டும் என்கிறார்கள். மூப்பர்களோ, "சத்தியம் தேர்தலில் நிற்பதில்லை" என்று சொல்லிப் பேச்சையே முடித்துவிட்டார்கள். 1931ஆம் ஆண்டிலிருந்து சர்வசன வாக்குரிமை உள்ள நாட்டில் சபைக்குள் மட்டும் அது ஏன் கூடாது, இரு தரப்பில் எவர் சொல்வது சரி என்று கேட்கிறார். வாக்கெடுப்பைப் பற்றிய கேள்விதான். ஆனால் அவரை வருத்துவது அதற்கும் அடியில் இருக்கிறது: சபை எதை நம்புகிறது என்று சொல்லும் உரிமை யாருடையது? அதற்குத்தான் பதில் எழுத முயல்கிறேன்.

நான் மெதடிஸ்தன். இறையியல் மாணவர்களுக்குத் திருச்சபை வரலாறு கற்பித்தவன். சபையின் ஆளும் மன்றங்களான சினட்டிலும் மகாநாட்டிலும் வாக்களித்தும் இருக்கிறேன். சட்டத்தரணி அல்லன், ஆகவே யாப்பு, சொத்து பற்றிச் சொல்வதை வரலாறு படித்தவனின் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் உண்மையைச் சபை கண்டுகொண்டது என்பதற்கு வாக்கெடுப்பு சாட்சியாக இருக்கலாம். அந்த உண்மையை உண்டாக்கும் வல்லமை அதற்கு இல்லை. ஆகவே ஒரே மாலையில், சாதாரணப் பெரும்பான்மையால், விசுவாச அறிக்கையை மாற்றுவதை நான் எதிர்க்கிறேன். அதே அழுத்தத்துடன், பொதுமக்களின் வாயை அடைத்துவிட்டு மூப்பர்கள் தாமே சத்தியத்தின் காவலர் என்று அமர்ந்திருப்பதையும் எதிர்க்கிறேன்.

வாக்கெடுப்பு சபைக்கு அந்நியமானது என்ற எண்ணம் வரலாற்றுக்குப் பொருந்தாது. திருவிருந்து ஆராதனையில் நாம் அறிக்கையிடும் நிசேயா விசுவாசப் பிரமாணமே ஆயர்கள் கூடி, விவாதித்து, ஒப்பமிட்டு வந்ததுதான். 325ஆம் ஆண்டு சக்கரவர்த்தி கொன்ஸ்தந்தீன் கூட்டிய, கிறிஸ்து பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்று அறிக்கையிட்ட அந்தச் சங்கத்துக்கு (ஆயர்களின் மாமன்றத்துக்கு) ஏறத்தாழ 300 ஆயர்கள் வந்தார்கள்; இறுதிவரை ஒப்பமிட மறுத்த ஆயர்கள் இருவரே. இத்தோடு கதை முடிந்திருந்தால், பெரும்பான்மை சொன்னது, சபை ஏற்றது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் 359ஆம் ஆண்டு இத்தாலியின் ரிமினியில் 400க்கும் மேற்பட்ட ஆயர்கள் கூடினார்கள். நிசேயாவில் வந்தவர்களைவிட அதிகம். முதலில் பெரும்பாலோர் நிசேயாவின் பக்கமே நின்றார்கள். சக்கரவர்த்தி கொன்ஸ்தாந்தியுஸின் அதிகாரிகள், ஒப்பமிடாமல் எவரும் ஊர் திரும்ப முடியாது என்று மாதக்கணக்கில் தடுத்துவைத்த பின்னர், நிசேயாவைக் கைவிட்ட ஓர் அறிக்கையில் அவர்களும் ஒப்பமிட்டார்கள். தலைகளை எண்ணினால் ரிமினி வென்றது. இன்று அந்த அறிக்கையை எந்தச் சபையும் ஓதுவதில்லை. நாம் ஓதுவது 381இல் கொன்ஸ்தாந்திநோப்பிள் சங்கத்தோடு இணைத்துச் சொல்லப்படும் வடிவம்.

இடைப்பட்ட அரை நூற்றாண்டில் விசுவாசத்தைக் காத்தது யார்? நிசேயாவின் பக்கம் நின்ற அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியார் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருக்குப் பின்னால் நின்ற பெயரில்லாத மக்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பிற்காலத்தில் கர்தினாலான நியூமன், 1859இல் இதையே எடுத்துக்காட்டினார்: ஆயர்களில் பலர் தடுமாறிய அந்தக் காலத்தில், ஞானஸ்நானத்தில் தாம் பெற்றதை விடாமல் பற்றிக்கொண்டவர்கள் சாதாரண விசுவாசிகளே, ஆகவே கோட்பாட்டுக் காரியங்களில் அவர்களையும் விசாரித்து அறிய வேண்டும். அப்படி எழுதியதற்காக அவர் மேலிடத்தின் சந்தேகத்துக்கு ஆளானார். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு கத்தோலிக்க ஆயர்களின் இரண்டாம் வத்திக்கான் சங்கம், விசுவாசிகளின் முழு உடலும் ஒருமித்து நம்பும்போது தவறிழைக்காது என்ற கருத்தைத் தன் ஏட்டிலேயே எழுதியது. உங்கள் மூப்பர்கள் நினைவில் வைக்க வேண்டியது இது.

கொச்சிக்கடையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள கத்தோலிக்க நண்பர்கள், "எங்களிடம் வாக்கெடுப்பு கிடையாது" என்று சொல்வதுண்டு. உண்டு, ஆயர்கள் வாக்களிக்கிறார்கள். பாப்பரசரின் தவறாவரம் (கோட்பாட்டை அவர் அதிகாரபூர்வமாக அறிவிக்கும்போது தவறமாட்டார் என்ற போதனை) பற்றி முதலாம் வத்திக்கான் சங்கத்தில் 1870 ஜூலை 13இல் நடந்த முன்வாக்கெடுப்பில் 451 பேர் ஆம் என்றார்கள், 88 பேர் இல்லை என்றார்கள், 62 பேர் திருத்தங்களுடன் ஏற்பதாகச் சொன்னார்கள். ஐந்து நாட்கள் கழித்து இறுதி வாக்கெடுப்பில் 533க்கு 2. இடையில் எதிர்த்தவர்களின் மனம் மாறிவிடவில்லை. அவர்களில் ஏறத்தாழ 60 பேர், பாப்பரசரின் முன்னிலையில் இல்லை என்று சொல்ல மனமின்றி உரோமையை விட்டுப் புறப்பட்டுவிட்டார்கள். இந்த அனுபவம் மறக்கப்படவில்லை. 1963 ஒக்டோபரில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் மரியாளைப் பற்றித் தனி ஏடு வேண்டுமா, திருச்சபை பற்றிய ஏட்டிலேயே சேர்ப்பதா என்ற கேள்வியில் ஆயர்கள் 1,114க்கு 1,074 என்று பிளந்தபோது, நாற்பது வாக்கு வெற்றியைக் கண்டு வென்றவர்களே கலங்கினார்கள். அந்த ஏட்டைத் திருத்தித் திருத்தி, இறுதியில் 2,151க்கு 5 என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். கோட்பாட்டுக் காரியத்தில் பாதிக்கு மேல் ஒன்று என்பது போதாது, ஏறக்குறைய ஒருமனம் வேண்டும் என்ற உணர்வு அங்கே செயற்பட்டது. வாக்கெடுப்பைப் பற்றி நான் படித்தவற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமான சம்பவம் இதுதான்.

உரோமையிலிருந்து பிரிந்திருந்த கிரேக்கர் முதலியோரின் கீழைத் திருச்சபையின் கதை இன்னொன்றைக் கற்பிக்கிறது. 1439இல் புளோரன்ஸ் சங்கத்தில் உரோமையுடன் ஐக்கியப்படும் உடன்படிக்கையில் கிரேக்க ஆயர்களில் அநேகமாக எல்லோரும் ஒப்பமிட்டார்கள். எபேசுவின் ஆயர் மாற்கு மறுத்தார். கப்பலில் ஊர் திரும்பியபோது மக்கள் அந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை. ஒப்பமிட்டவர்களில் சிலரே பின்வாங்கினார்கள். ஆக, கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறுவது ஒரு படி மட்டுமே. அதைத் தலைமுறைகள் ஜெபத்திலும் ஆராதனையிலும் தமதாக்கிக்கொள்கின்றனவா என்பது அடுத்த படி. அதை எந்தத் தேர்தல் ஆணையாளரும் எண்ணிச் சொல்ல முடியாது.

சரி, நீங்கள் கேட்டது ஆயர்களின் வாக்கை அல்ல, மக்களின் வாக்கை. அதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. 1536 மே மாதம் ஜெனீவா நகரத்தின் குடிகள் கூடி, கைகளை உயர்த்தி, இனிச் சுவிசேஷத்தின்படி வாழ்வோம் என்று தீர்மானித்தார்கள். ஒரு நகரமே வாக்களித்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. மறுப்பவர்களுக்கு அங்கே இடமிருந்ததா? 1553இல் திரித்துவக் கோட்பாட்டை மறுத்த செர்வெத்துஸ் அதே நகரத்தில் உயிரோடு எரிக்கப்பட்டார். வாக்கெடுப்பு நேரடியாக அந்தத் தீயை மூட்டியது என்று நான் சொல்லமாட்டேன். அக்கால ஐரோப்பாவில் வாக்கெடுப்பே இல்லாத நகரங்களும் மனிதரை எரித்தன. ஆனால் கூடிக் கை உயர்த்துவதால் மட்டும் மனச்சாட்சிக்குப் பாதுகாப்பு வந்துவிடாது என்பது உறுதி.

இதைவிடக் கொடிய உதாரணம் ஜேர்மனி. 1933 ஜூலை 23இல் புரட்டஸ்தாந்து சபைகளில் அங்கத்தவர்கள் வாக்களித்த தேர்தல் நடந்தது. ஹிட்லரின் ஆதரவுடன் நின்ற 'ஜேர்மானியக் கிறிஸ்தவர்கள்' என்ற அணி மூன்றில் இரண்டு பங்கு அளவில் வென்றது. அந்தப் பெரும்பான்மையைக் கொண்டே செப்டெம்பரில் பிரஷ்ய சினட், யூத வம்சத்தவர் குருப்பணியில் இருக்கக் கூடாது என்ற விதியை நிறைவேற்றியது. முறைப்படி நடந்த வாக்கெடுப்பு, செல்லுபடியான தீர்மானம், சுவிசேஷத்துக்கு நேர்மாறானது. அதை எதிர்த்தவர்கள் சிறுபான்மையினர். 1934 மே இறுதியில் பார்மென் நகரில் கூடிய அவர்கள், கிறிஸ்துவைத் தவிர வேறெந்த சக்தியையும் தேவ வெளிப்பாடாகச் சபை ஏற்க முடியாது என்று அறிக்கையிட்டார்கள். இன்று உலகச் சபைகள் மதித்துப் படிப்பது பார்மெனை. கவனியுங்கள்: பார்மெனும் ஒரு சினட்தான். அங்கே சாதாரண விசுவாசிகளும் பிரதிநிதிகளாக அமர்ந்திருந்தார்கள், அங்கும் வாக்களிப்பே நடந்தது. பிரஷ்ய சினட் அரசின் விருப்பத்துக்கு வாக்களித்தது. பார்மெனில் கூடியவர்கள் வேதத்தை முன்வைத்து அந்த விருப்பத்தைச் சோதித்தார்கள்.

கொழும்பில் வாழும் தமிழருக்குப் பெரும்பான்மையின் வாக்கு என்ன செய்யக்கூடும் என்பதை ஜேர்மனியிலிருந்து கற்பிக்கத் தேவையில்லை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியதும், 1956இல் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய சட்டம் 56க்கு 29 என்ற வாக்கில் நிறைவேறியதும், முறைப்படி தெரிவான பாராளுமன்றத்தில்தான். ஆயினும் நீங்கள் காட்டிய 1931இன் உதாரணத்தை நான் தள்ளிவிடவில்லை. வாக்குரிமை இல்லாதிருந்தால் நம் நிலை இன்னும் மோசமாக இருந்திருக்கும். நாட்டில் வாக்குரிமை தேவைப்படுவது, ஒருவரையொருவர் ஆளும் அதிகாரம் எவர் கையிலும் நிரந்தரமாகத் தங்காதிருப்பதற்கு. சபையிலும் நிதி, நியமனம், நிர்வாகம் ஆகியவற்றில் அந்தத் தேவை அப்படியே இருக்கிறது. நம்மில் எவரும் இயற்றாத, நமக்கு ஒப்படைக்கப்பட்ட ஒன்றைப் பற்றிப் பேசும்போதுதான் ஒப்புமை தளர்கிறது.

சாதியை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்து ஆலயங்களில் சாதி பார்த்து அமரவைத்த காலம் இருந்தது. பொதுப் பாத்திரத்தில் பானம் பண்ணத் தயங்கியவர்கள் இருந்தார்கள். அந்நாளில் சபையாரிடம் வாக்குக் கேட்டிருந்தால் முடிவு எப்படி வந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே எனக்கு வலிக்கிறது. தென்னாபிரிக்காவில் அப்படி ஒரு தீர்மானம் உண்மையிலேயே வந்தது. 1857இல் ஒல்லாந்து சீர்திருத்தச் சபையின் சினட், 'சிலருடைய பலவீனத்தின் நிமித்தம்' வெள்ளையருக்கும் மற்றவருக்கும் தனித்தனி ஆராதனையை அனுமதித்தது. வேதத்தின்படி எல்லோரும் ஒன்றாகக் கூடுவதே விரும்பத்தக்கது என்று அந்தத் தீர்மானமே ஒப்புக்கொண்டது, பின்னர் விலக்களித்தது. அந்த விலக்கு வளர்ந்து இனஒதுக்கலுக்கு இறையியல் ஆதாரமானது. 1982இல், ஒதுக்கப்பட்டவர்களின் சபையே பெல்ஹார் அறிக்கையை வரைந்து, அந்தப் பிரிவினையைச் சுவிசேஷத்துக்கு விரோதமானது என்று அறிவித்தது. நான்கு ஆண்டுகள் சபைகள் அதைப் படித்த பின்னர், 1986இல் முறைப்படி ஏற்றார்கள்.

இதுவரை சொன்னதைக் கேட்டு மூப்பர்கள் மகிழ்ந்திருக்கலாம். அவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பொதுமக்களிடம் வாக்கைக் கொடுத்தால் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு ஆதாரம் மெலிந்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுச் சினட்டில் ஆயர், குருக்கள், பொதுநிலையினர் (குருக்கள் அல்லாத அங்கத்தவர்) என்ற மூன்று மன்றங்கள் உண்டு; பெரிய மாற்றங்களுக்கு ஒவ்வொன்றிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 2012 நவம்பரில் பெண்களை ஆயர்களாக்கும் பிரேரணை ஆயர்களிடையே 44க்கு 3, குருக்களிடையே 148க்கு 45 என்று வென்றது. பொதுநிலையினரிடையே 132க்கு 74. ஆறு வாக்குகள் குறைந்ததால் தோற்றது. பெண் ஆயர்கள் வேண்டும் என்று நினைப்பவன் நான். அந்தச் செய்தி எனக்குத் துயரமாக இருந்தது. எனினும் அந்த முறை சரியானது என்றே அன்றும் நினைத்தேன். எதிர்த்தவர்களுடன் மீண்டும் உட்கார்ந்து பேசி, அவர்களுக்கு இடமளிக்கும் ஏற்பாட்டுடன் 2014 ஜூலையில் நிறைவேற்றினார்கள். லத்வியாவிலோ நேரெதிர்த் திசை: 1975இல் பெண்களைக் குருக்களாக்கத் தொடங்கிய லூத்தரன் சபை, 2016இல் முக்கால் பங்குக்கும் மேலான வாக்கால் அதை ஆண்களுக்கு மட்டுமாக்கியது. வாக்கு எந்தத் திசைக்கும் திரும்பும்; உங்கள் இளையோர் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

எது கோட்பாடு, எது ஒழுங்கு என்பதில்தான் உண்மையான சிக்கல். ஆராதனை நேரம், பாட்டுப் புத்தகம், அங்கத்துவ வயது, குழுக்களில் பெண்களின் பங்கு ஆகியவை ஒழுங்கு, தயங்காமல் வாக்களியுங்கள். திரித்துவம், கிறிஸ்துவின் உயிர்த்தெழுதல் போன்றவை கோட்பாடு. அவற்றைக் கைவிடும் கூட்டத்துக்குச் சபை என்ற பெயரே நிலைக்காது. இரண்டு முனைகளிலும் எனக்கு ஐயம் இல்லை. நடுவில் உள்ளவற்றில் அறிஞர்களும் உடன்படவில்லை. பெண்களின் குருத்துவம் எங்களுக்கு ஒழுங்கு. கத்தோலிக்கருக்குக் கோட்பாட்டோடு பிணைந்தது. குழந்தை ஞானஸ்நானமும் திருமணம் பற்றிய போதனையும் அப்படியே. எது எந்த வகை என்பதே விவாதத்துக்குரியதாக இருக்கும்போது, அதைத் தீர்க்காமல் வாக்குப் பெட்டியை வைப்பது நேர்மையல்ல.

அமெரிக்க மெதடிஸ்தர் இதை முன்பே உணர்ந்திருந்தார்கள். 1808இலேயே தங்கள் மகாநாட்டின் கைகளைக் கட்டும் விதிகளை எழுதினார்கள். விசுவாசப் பிரிவுகளை (கோட்பாட்டை வரையறுக்கும் வாசகங்களை) மாற்ற வேண்டுமானால் பொது மகாநாட்டில் மூன்றில் இரண்டு பங்கும், அதற்குக் கீழுள்ள வருடாந்த மகாநாடுகளின் அங்கத்தவரில் நான்கில் மூன்று பங்கும் இன்று தேவை. இருந்தும் அவர்களுடைய ஐக்கிய மெதடிஸ்த திருச்சபையில் ஒருபாலுறவு பற்றிய சர்ச்சை அந்த விசுவாசப் பிரிவுகளைத் தொடாமல், சபையின் நடைமுறை விதிகள் அடங்கிய ஒழுங்கு நூலிலேயே நடந்தது. 2019இல் பழைய தடையை இறுக்கும் திட்டம் 438க்கு 384 என்று வென்றது. அதன்பின் நான்கு ஆண்டுகளில் அமெரிக்காவில் உள்ள அவர்களுடைய சபைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வெளியேறியது. 2024இல் எஞ்சியவர்கள் தடையை நீக்கினார்கள். எவர் சரி என்ற விவாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. ஐந்தே ஆண்டுகளில் இரு திசையிலும் தீர்மானம் நிறைவேறியபோது, இரு தரப்புக்கும் தங்கள் சபை என்ன நம்புகிறது என்பது தெளிவாகவில்லை. பிளவு மட்டுமே தெளிவானது. (1964 முதல் தன்னாட்சி பெற்ற எங்கள் இலங்கை மெதடிஸ்த திருச்சபை அந்த அமைப்பின் பகுதி அல்ல; பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.)

சொத்து விடயத்தையும் சுருக்கமாகச் சொல்கிறேன். 1900இல் ஸ்கொட்லாந்துச் சுயாதீனச் சபை மிகப் பெரும் பெரும்பான்மையுடன் இன்னொரு சபையுடன் இணைந்தது; ஒரு சிறு கூட்டம் மறுத்தது. 1904இல் உச்ச நீதிமன்றமாகவும் செயற்பட்ட பிரித்தானியப் பிரபுக்கள் சபை, ஆதிக் கோட்பாட்டைக் காத்தவர்கள் அந்தச் சிறு கூட்டத்தினரே என்று கூறி ஆலயங்கள், கல்லூரிகள் உட்பட முழுச் சொத்தையும் அவர்களுக்குக் கொடுத்தது. பாராளுமன்றம் 1905இல் தனிச் சட்டம் இயற்றித்தான் அதைப் பங்கிட முடிந்தது. இலங்கையிலும் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்த, பிரஸ்பிற்றேரியன் சபைகளும் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனமும் (ஆயரின் ஆளுகைக்குட்பட்ட மறைப்பகுதியும்) நெடுங்காலம் பேசி உருவாக்கிய ஐக்கியத் திட்டம் 1970களில் நீதிமன்ற வழக்கில் நின்றுபோனது. தென்னிந்தியத் திருச்சபையோ 1919இல் தரங்கம்பாடியில் பேச்சைத் தொடங்கி 1947 செப்டெம்பர் 27இல் பிறந்தது. நம் யாழ்ப்பாண ஆதீனம் அதன் அங்கமானது. இருபத்தெட்டு ஆண்டுகள். அத்தனை காலம் பேசியதற்காக இன்று எவரும் வருந்துவதாக நான் கேட்டதில்லை.

இனி உங்கள் சபைக்கு. முதலில் அது சுயாதீன சபையா, பெரிய திருச்சபை ஒன்றின் கிளையா என்று பாருங்கள். கிளையானால் விசுவாச அறிக்கை உங்கள் பொதுக்கூட்டத்துக்கு உரியதல்ல. மேல்மன்றத்துக்குப் பிரேரணை அனுப்பும் வழி யாப்பில் இருக்கும். பப்டிஸ்தரைப் போல அங்கத்தவர் கூட்டமே உயர் அதிகாரம் கொண்ட சபையானால், வாக்களிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மூப்பர்கள் அதை மறுக்க முடியாது. அப்போதும் முதல் கூட்டத்தில் வாக்கைக் கேட்காதீர்கள். எந்த வசனம், எந்தக் காரணம், எந்த வாக்கியத்தை மாற்றுகிறோம் என்று எழுதிக் கொடுங்கள். ஓர் ஆண்டாவது வேதப்படிப்பில் அதை எடுத்துப் பேசுங்கள். மூப்பர்களின் பதிலையும் எழுத்தில் கேளுங்கள். தமிழ் ஆராதனையும் சிங்கள ஆராதனையும் உள்ள சபையானால் இரு மொழியிலும் இந்தப் பேச்சு நடக்க வேண்டும். ஒரு மொழிக்காரர் மட்டும் படித்து மற்றவர் வாக்கை மட்டும் போடும் நிலை வரக் கூடாது. மூன்றில் இரண்டுக்குக் குறையாத வாக்கு, அடுத்த ஆண்டில் அதே வாக்கு மறுபடியும், தோற்றவர்கள் மனச்சாட்சியுடன் தொடர்ந்து அங்கத்தவராக இருக்க எழுத்தில் உறுதி. இவை மூன்றும் இல்லாமல் தொடங்க வேண்டாம். மூப்பர்கள் படிப்பதற்கும் பேசுவதற்கும்கூட இடமளிக்க மறுத்தால், அந்த மறுப்பைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லி, உங்கள் பிரேரணையை அங்கத்தவர்களின் கையெழுத்துடன் மீண்டும் அடுத்த கூட்டத்தில் சமர்ப்பியுங்கள்.